வலி போனால் போதுமா?

"கால்தானே, இரண்டு நாளில் சரியாகிவிடும்." நம் வீடுகளில் பெண்களுக்கு அடிபட்டால் முதலில் வரும் பேச்சு இதுதான். பிறர் சொல்வதற்கு முன்பே நாமே சொல்லிக்கொண்டு விடுவோம். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு நாள் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக நீண்டது. என் தவறு அதில் பாதி. அந்தத் தவறை வேறு எந்தச் சகோதரியும் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

மதுரை கே.கே. நகரில் எங்கள் வீடு. 2024-ஆம் வருஷம், ஆடி முதல் வெள்ளிக்கிழமை. வாசலைக் கழுவிக் கோலம் போட வேண்டும். மூத்த மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த ஞாபகம் வர, வாளியைக் கையில் பிடித்தபடியே ஈரத் தரையில் சட்டென்று உள்பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. வலது முழங்காலுக்குள் 'டப்' என்று ஒரு சத்தம். முருங்கைக்காயை ஒடித்தால் கேட்குமே, அந்த மாதிரி. அடுத்த நிமிஷம் தரையில் கிடந்தேன்.

மதியத்துக்குள் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கிவிட்டது. என் மாமியார் பதறிப்போய், "வெந்நீர் ஒத்தடம் குடுத்து, தைலம் போட்டு நல்லா நீவி விட்டா சரியாப் போயிரும்" என்று அன்றைக்கே நீவி விட்டார்கள். அன்பாகச் செய்ததுதான். ஆனால் மறுநாள் வீக்கம் இரண்டு மடங்காகிவிட்டது. மூன்றாம் நாள் என் வீட்டுக்காரர் ஆட்டோ வைத்து எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். "எலும்பு முறியவில்லை" என்றதும், "அப்ப ஒண்ணுமில்லை, வீட்டுக்குப் போகலாமா டாக்டர்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். "எக்ஸ்ரேயில எலும்புதாம்மா தெரியும். ஜவ்வு தெரியாது" என்றார். என்னைப் படுக்க வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, முன்னங்காலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார். நல்ல காலில் இழுத்தபோது 'டக்'கென்று நின்றது. அடிபட்ட காலில் இழுத்தபோது அது பாட்டுக்கு முன்னால் வந்தது. பிறகு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் அதையே சொன்னது. முழங்காலுக்குள் முன்பக்க ஜவ்வு பாதிக்கு மேல் கிழிந்திருந்தது.

முழங்காலுக்குள் என்ன இருக்கிறது?

அதுவரை முழங்காலைக் கதவுக் கீல் மாதிரிதான் நினைத்திருந்தேன். மேலே தொடை எலும்பு, கீழே முன்னங்கால் எலும்பு. இரண்டையும் நான்கு கயிறுகள் கட்டி வைத்திருக்கின்றன. டாக்டர்கள் இவற்றை லிகமெண்ட், தசைநார் என்கிறார்கள். நாம் ஜவ்வு என்கிறோம். வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. மூட்டுக்குள்ளே பெருக்கல் குறி மாதிரி குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. அந்த இரண்டில் முன்னால் இருப்பது, முன்னங்கால் எலும்பு முன்னே நழுவிப் போகாமல் பிடிக்கிறது. கால் முறுக்கிக்கொள்ளாமலும் காக்கிறது. எனக்குப் போனது அதுதான். பாதம் தரையில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பினால் அதன் மேல்தான் முழுச் சுமையும் விழும்.

கபடி, கால்பந்து ஆடுகிறவர்களுக்கும், நம் பக்கத்தில் மாடு பிடிக்கிற இளைஞர்களுக்கும் வருகிற காயம் இது. ஒரே விளையாட்டை ஆடினாலும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இந்த ஜவ்வு கிழிவது இரண்டு மடங்குக்கும் மேல் என்று டாக்டர் சொன்னார். வாளி தூக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் வரும் என்பதற்கு நானே சாட்சி.

"ஆபரேஷன் வேணுமா டாக்டர்?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ஓடி விளையாடறவங்களுக்கு அதைப் பத்தி முதல்லயே யோசிப்போம். உங்களுக்குப் பயிற்சி குடுத்துப் பார்ப்போம். அதுக்கப்புறமும் முட்டி நழுவினா ஆபரேஷன்" என்றார். 2010-ல் ஸ்வீடன் நாட்டிலிருந்து வெளியான ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னார். என் மாதிரி ஜவ்வு கிழிந்த 121 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்களாம். ஒரு பிரிவுக்கு உடனே ஆபரேஷன், கூடவே பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் மட்டும் பிறகு ஆபரேஷன். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தால், இரண்டாம் பிரிவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஆபரேஷனே தேவைப்படவில்லை. ஆனால் இரண்டு பிரிவிலும் பயிற்சி இல்லாமல் தப்பித்தவர் யாருமில்லை!

தையல் டேப் சொன்ன கணக்கு

வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பிசியோதெரபி நிலையம். அங்கே இருந்த பெண்ணுக்கு என் இளைய மகள் வயதுதான் இருக்கும். முதல் நாள் பயிற்சி எதுவும் தொடங்கவில்லை. டேப்பை எடுத்து, முழங்காலுக்கு மேலே ஒரு சாண் தள்ளி இரண்டு தொடையையும் சுற்றி அளந்தாள். அடிபட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. வலது தொடை ஓர் அங்குலம் இளைத்திருந்தது.

"எப்படிம்மா அதுக்குள்ள?" என்றேன்.

முழங்காலில் நீர் கோத்துக்கொண்டால் தொடைத் தசைக்குப் போகும் கட்டளையை உடம்பே மட்டுப்படுத்திவிடுமாம். நாம் முறுக்க நினைத்தாலும் தசை முறுக்கிக்கொள்ளாது. நாமும் வலிக்குப் பயந்து காலை அசைக்காமல் வைத்திருப்போம். தசை கரைந்துகொண்டே போகும். "அம்மா, உள்ள இருக்கற கயிறு கிழிஞ்சிருச்சு. இனிமே முட்டியைப் பிடிக்கப் போறது இந்தத் தொடைத் தசையும் பின்தொடைத் தசையும்தான். அதுவும் இளைச்சுப் போச்சுன்னா முட்டிக்கு யார் இருக்கா?" என்றாள் அந்தப் பெண். அந்தக் கேள்வியை அன்றைக்கு நான் சரியாகக் காதில் வாங்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அவள் சொல்லிக்கொடுத்தவற்றை எழுதுகிறேன். ஒன்றை மனதில் வையுங்கள். டாக்டர் பார்த்து, என்ன கிழிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இவை. ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வரிசையும் நாட்களும் மாறும். அவர்கள் தங்கள் டாக்டர் சொல்படிதான் நடக்க வேண்டும்.

அடிபட்ட முதல் இரண்டு மூன்று நாள்

வெந்நீர் வேண்டாம், தைலம் தேய்த்து நீவவும் வேண்டாம். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடும் நீவலும் வீக்கத்தைக் கூட்டும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிஷம் வைத்து எடுக்கலாம். இரண்டு மூன்று மணிக்கொரு தரம் வைக்கலாம். வெறும் தோலில் நேரே வைக்கக் கூடாது. கிரேப் பேண்டேஜ் சுற்றலாம், விரல்கள் மரத்துப் போகும் அளவுக்கு இறுக்கக் கூடாது. படுத்துக்கொண்டு கால் முழுவதும் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி தலையணைகளில் தூக்கி வைக்க வேண்டும்.

நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டால், முழங்கால் மடங்காமலோ நீளாமலோ பூட்டிக்கொண்டால், கால் மரத்துப் போனால், காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். பிறகும்கூட, ஆடுசதை திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, காய்ச்சலோடு முழங்கால் சிவந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

படுக்கையில் செய்பவை

1. பாதம் ஆட்டுதல்: காலை நீட்டிப் படுத்து, பாதத்தை நம் பக்கம் இழுத்து, பிறகு எதிர்ப்பக்கம் நீட்ட வேண்டும். மணிக்கு ஒரு தரம் 20 தடவை. ரத்த ஓட்டத்துக்கு நல்லது; வீக்கம் வடியும்.

2. தொடையை முறுக்குதல்: முழங்காலுக்கு அடியில் சின்ன டவலைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே நசுக்குவது மாதிரி முழங்காலை அழுத்த வேண்டும். தொடை கெட்டியாவது கைக்குத் தெரியும். 5 விநாடி பிடித்து விட வேண்டும். 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. பார்க்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். எனக்கு முதல் மூன்று நாள் தொடை அசையவே இல்லை. கண்ணில் நீர் வந்துவிட்டது. நான்காம் நாள் லேசாகத் துடித்தது.

3. முழங்காலை நேராக்குதல்: டவலைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் தானாகக் கீழே தாழும்படி 5 நிமிஷம் விட வேண்டும். சுகமாக இருக்கிறதே என்று நாள் முழுக்க முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்கிறோம் அல்லவா? அது கூடாதாம். முழங்கால் மடங்கியபடியே இறுகிவிடும். பிறகு நேராக்கப் படாத பாடு பட வேண்டும்.

4. குதிகாலை இழுத்தல்: படுத்தபடி, குதிகாலைப் படுக்கையோடு இழுத்து இழுத்து, முடிந்த மட்டும் முழங்காலை மடக்கி, திரும்ப நீட்ட வேண்டும். குதிகாலுக்கு அடியில் ஒரு பாலிதீன் கவரைப் போட்டால் வழுக்கிக்கொண்டு போகும். 10 தடவை.

5. காலைத் தூக்குதல்: நல்ல காலை மடக்கி வைத்து, அடிபட்ட காலின் தொடையை முறுக்கிக்கொண்டு, முழங்கால் மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, 5 விநாடி நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். முழங்கால் தொய்கிறது என்றால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். முன் சொன்னதையே தொடர வேண்டும்.

6. இடுப்பைத் தூக்குதல்: இரண்டு முழங்காலையும் மடக்கிப் படுத்து, பாதங்களை ஊன்றி இடுப்பை மட்டும் தூக்கி 5 விநாடி. பின்தொடைத் தசைக்கு இது. முன்பக்க ஜவ்வு போனவர்களுக்கு முன்னங்கால் எலும்பைப் பின்னால் இழுத்துப் பிடிப்பது இந்தத் தசைதான்.

எதைச் செய்தாலும் மூச்சை அடக்கக் கூடாது. வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு தானாக நடக்கும்.

பாரிஸிலிருந்து வந்த பெண்

ஆகஸ்ட் 6-ஆம் தேதி. காலைத் தூக்கி வைத்துக்கொண்டு நான் சோபாவில். பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகட் மல்யுத்தம் ஆடுவது டி.வி.யில் ஓடிக்கொண்டிருந்தது. டோக்கியோவில் தங்கம் வாங்கிய ஜப்பானின் யுய் சுசாகியை அவர் தோற்கடித்தபோது, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த என் மகள்கூட எழுந்து நின்று கை தட்டினாள். மறுநாள் 100 கிராம் எடை கூடியதென்று அவரை இறுதிப் போட்டியிலிருந்து நீக்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அன்றைக்குப் பயிற்சிக்குப் போனபோது பிசியோதெரபிப் பெண் சொன்னாள்: "அம்மா, அவங்களுக்குப் போன வருஷம் இதே ஆகஸ்ட்லதான் முட்டி ஜவ்வு ஆபரேஷன்."

விசாரித்துத் தெரிந்துகொண்டேன். 2016-ல் ரியோ ஒலிம்பிக் காலிறுதியில் முழங்காலில் அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லப்பட்டவர் அவர். இரண்டே வருஷத்தில், 2018-ல் ஜகார்த்தாவில், ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார். 2023 ஆகஸ்டில் பயிற்சியின்போது இடது முழங்கால் ஜவ்வு கிழிந்து மும்பையில் ஆபரேஷன். அடுத்த ஆகஸ்டில் ஒலிம்பிக் இறுதிப் போட்டி வரை வந்துவிட்டார். கிரிக்கெட் வீரர் ரிஷப் பந்துக்கும் 2022 டிசம்பர் 30 கார் விபத்தில் முழங்கால் ஜவ்வுகள் கிழிந்தன. மறுபடி மட்டை பிடிக்க 2024 மார்ச் ஆயிற்று.

"அவங்களுக்கென்னம்மா, கூடவே நாலு பேர் இருப்பாங்க" என்றேன்.

"இருப்பாங்க. ஆனா தொடையை அவங்கதானேம்மா முறுக்கணும்?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் செய்த தவறு

ஆறு வாரத்தில் வலி போய்விட்டது. வீக்கம் வடிந்துவிட்டது. சமையல் மேடை முன் ஒரு மணி நேரம் நிற்க முடிந்தது. "இனிமேல்தான் முக்கியமான பயிற்சி, நின்னுக்கிட்டுச் செய்யறது. விட்டுராதீங்க" என்று அந்தப் பெண் சொல்லி அனுப்பினாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

புரட்டாசியில் பேத்தி பிறந்தாள். வீட்டில் பிரசவம் நடந்தால் தாய்க்குத் தூக்கம் ஏது? பத்தியச் சமையல், குழந்தைக்குக் குளிப்பாட்டு, துணி, வருகிறவர்களுக்குக் காபி. பயிற்சிக்கு ஒதுக்கிய 20 நிமிஷம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை. வலிதான் இல்லையே, அப்புறம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்த வாரம். இரண்டு நாள் மழைக்குப் பிறகு நல்ல இளவெயில். நாற்பது நாள் குழந்தையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய், கொஞ்ச நேரம் வெயில் காட்டிவிட்டுக் கீழே இறங்கினேன். வலது காலை ஊன்றி, இடது காலை அடுத்த படிக்கு இறக்கினேன். முழங்கால் மடங்கியது. வலி இல்லை, சத்தம் இல்லை; யாரோ கீழிருந்து காலை உருவிக்கொண்ட மாதிரி இருந்தது. குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் சாய்ந்து, அப்படியே படியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். முதுகு சிராய்த்துவிட்டது. குழந்தை வீறிட்டு அழுதாள். அவளுக்கு ஒன்றுமில்லை. மீனாட்சி காப்பாற்றினாள்.

சத்தம் கேட்டு ஓடி வந்த என் மகள் ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதன் பிறகு இரண்டு நாள், தூக்கம் கண்ணைச் சுழற்றினாலும் அவளேதான் எழுந்து குழந்தையைத் தூக்கினாள். என்னிடம் தரவில்லை. அவள் மேல் தப்பில்லை. ஆனால் முழங்கால் கிழிந்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி வலிக்கவில்லை.

தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துத் தொடையை அளந்தேன். அதே ஓர் அங்குலம் குறைவு. வலி போய் இரண்டு மாதமாகியும் போன தசை திரும்பியிருக்கவில்லை. மறுபடி டாக்டரைப் பார்த்தோம். ஜவ்வு மேலும் கிழியவில்லை. ஆனால் பிடித்துக்கொள்ளத் தசை இல்லை என்றார். "இன்னும் மூணு மாசம் ஒழுங்காப் பயிற்சி. அதுக்கப்புறமும் இப்படி நழுவினா ஆபரேஷன்தான்."

பிசியோதெரபிப் பெண் திட்டவில்லை. "எல்லா அம்மாக்களும் இங்கதாம்மா விடுவாங்க. வலி போறது வேற, பலம் வர்றது வேற" என்றாள்.

நின்றுகொண்டு செய்பவை

7. குதிகால் உயர்த்துதல்: சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு குதிகாலையும் உயர்த்தி இறக்க வேண்டும். 10 தடவை. பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும்.

8. அரை உட்கார்வு: மேடையைப் பிடித்தபடி, நாற்காலியில் உட்காரப் போகிறவள் மாதிரி இடுப்பைப் பின்னால் தள்ளிக் கொஞ்சம் மட்டும் முழங்காலை மடக்கி எழ வேண்டும். முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கி உள்ளே சாயக் கூடாது. கால் விரல்கள் பார்க்கும் திசையையே பார்க்க வேண்டும். 10 தடவையில் தொடங்கினேன்.

9. படி ஏறுதல்: உயரம் குறைந்த ஒரு வாசற்படியில் அடிபட்ட காலை வைத்து, அதன் பலத்தால் உடம்பைத் தூக்கி ஏறி, மெதுவாக இறங்க வேண்டும். ஒரு கையில் சுவர் இருக்கட்டும்.

10. ஒற்றைக் காலில் நிற்றல்: சுவரோரம் நின்று, அடிபட்ட காலில் மட்டும் 30 விநாடி. பழகியபின் கண்ணை மூடிக்கொண்டு. அதன் பிறகு நாலாக மடித்த போர்வையின் மேல் நின்று. ஜவ்வுக்குள் நரம்புகள் இருக்கின்றன. முழங்கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். ஜவ்வு கிழிந்தால் அந்தச் சேதியும் குறைந்துவிடும். இந்தப் பயிற்சியால் மற்றத் தசைகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்கின்றன. சின்னப் பிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். எனக்கு முதல் நாள் 4 விநாடிகூட நிற்க முடியவில்லை.

ஒன்றைச் செய்யக் கூடாது என்றும் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்து, கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக் காலை நீட்டித் தூக்குவது பலரும் செய்வது. முன்பக்க ஜவ்வு கிழிந்தவர்களுக்கு அது எலும்பை முன்னால் இழுக்கும்; அவர்கள் தாமாக அதைத் தொடங்கக் கூடாது.

எவ்வளவு செய்யலாம் என்பதற்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலையில் முழங்கால் முன்னைவிட வீங்கியிருந்தால் நேற்றுச் செய்தது அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் இல்லையென்றால் வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டலாம்.

வீட்டு வேலையில் சில மாற்றங்கள்

அடுப்பிலிருந்து தொட்டிப் பக்கம் திரும்பும்போது இடுப்பை மட்டும் திருப்பாமல் பாதத்தையும் எடுத்து வைத்துத் திரும்புங்கள். எனக்கு ஜவ்வு போனதே இதைச் செய்யாததால்தான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். நான் மாடிப்படியில் இதற்கு நேர்மாறாகத்தான் இறங்கினேன்! பலம் வரும் வரை குந்தி உட்கார்வது, அரிவாள்மணை முன் மணிக்கணக்காக உட்கார்வது வேண்டாம். ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள். ஈரத் தரையில் வாளியோடு அவசர நடை கூடவே கூடாது.

வீட்டில் கபடி, கால்பந்து என்று ஆடும் பிள்ளைகள் இருந்தால் ஒரு வார்த்தை. ஜவ்வு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் குறைந்தது 9 மாதமாவது பொறுத்து, காலின் பலத்தைச் சோதித்த பிறகே மைதானத்தில் இறங்க வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. வலி இல்லை என்று முன்னதாக இறங்குகிற பையன்களுக்குத்தான் மறுபடி கிழிகிறதாம். என் கதைதான்!

பணத்துக்கு யோசிக்கிறவர்களுக்கும் வழி இருக்கிறது. நம் அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தருவதைச் சேர்த்தார்கள். பயிற்சிக்கு வேண்டிய சாமான் என்று பார்த்தால் எனக்கு ஒரு டவல், ஒரு போர்வை, ஒரு தையல் டேப். அவ்வளவுதான்.

ஒரே பாயில் இருவர்

இரண்டாம் முறை நான் தனியாகச் செய்யவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றுத் தசைக்குப் பயிற்சி செய்யலாம் என்று என் மகளுக்கு அவளுடைய டாக்டர் அனுமதி கொடுத்திருந்தார். அவளும் "நேரமில்லைம்மா" என்று தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். காலை பத்தரைக்குக் குழந்தை தூங்கியதும் கூடத்தில் பாய் விரித்தோம். நான் காலைத் தூக்க, அவள் எண்ண. அவள் செய்ய, நான் எண்ண. முதல் நாள் எண்ணிக்கையைத் தவிர வேறு பேச்சில்லை. நாளாக நாளாகப் பேச்சும் சிரிப்பும் வந்தன. அந்த இருபது நிமிஷம் அடுப்பை என் மாமியார் பார்த்துக்கொண்டார்கள். தைலத்துடன் தொடங்கியவர், "பத்தரை ஆச்சு, பாயை எடுங்க" என்று விரட்டுகிறவராக மாறிவிட்டார்.

பதினைந்து நாளைக்கொரு தரம் டேப் வைத்து அளந்து காலண்டரில் எழுதினேன். ஓர் அங்குலக் குறைவு முக்காலாயிற்று, அரையாயிற்று. பொங்கலுக்குள் ஒற்றைக் காலில் கண்ணை மூடி 30 விநாடி நின்றேன். மாசியில் வண்டியூர் கண்மாய்க் கரையில் காலை நடை தொடங்கினேன். சித்திரைக்குள் கால் அங்குலத்துக்கு வந்துவிட்டது. முழங்கால் மறுபடி நழுவவில்லை. ஆபரேஷன் இப்போது வேண்டியதில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதனால் பயிற்சியை நிறுத்திவிடவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் இன்றும் செய்கிறேன்.

மகள் புருஷன் வீட்டுக்குத் திரும்பும் முன், பங்குனியில் ஒரு நாள். குழந்தையோடு மொட்டை மாடியில் நின்றிருந்தோம். உலர்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தவள், இடுப்பில் இருந்த குழந்தையை என் பக்கம் நீட்டி, "பிடிம்மா, நீ கீழ கூட்டிட்டுப் போ. நான் துணியை எடுத்துட்டு வர்றேன்" என்றாள்.

குழந்தையை வாங்கிக்கொண்டேன். ஒரு கையால் கைப்பிடியைப் பற்றி, வலது காலை முதலில் இறக்கி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். பதினாறு படி. பேத்தி என் சங்கிலியைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தாள்.